காலி ஆணி

1. மிஷினுக்குச் 'சரிங்க' சொன்னவர்

காலை ஷிஃப்ட் முழுக்க உள்ளே போய்விட்டது. டீ வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். செக்யூரிட்டி யாதய்யா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"மேடம், பெத்த சார் ஒச்சாரு. லோபலிக்கி போதானு அண்டுன்னாரு."

பெரிய சார் வந்திருக்கிறார், உள்ளே போவேன் என்கிறார். சனத்நகரில் இருக்கும் எங்கள் வால்வ் கம்பெனியில் ஜி.எம். தொடங்கி எத்தனையோ சார்கள் உண்டு. பெரிய சார் என்றால் ஒருவர்தான், அசெம்ப்ளி ஷாப் ஃபோர்மேன் தங்கவேலு. அவர் ரிட்டயராகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

கேட்டுக்குப் போனேன். கம்பெனி காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். பித்தான்கள் மட்டும் ஒன்று மாற்றி ஒன்றில் மாட்டியிருந்தன. பயோமெட்ரிக் மிஷினில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். அது ஒவ்வொரு தடவையும் பெண் குரலில் 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்றது. இவர் ஒவ்வொரு தடவையும் அதற்குச் "சரிங்க" என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி விரலை வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். பெருக்க வரும் எல்லம்மாவுக்கும் ஜி.எம்.முக்கும் ஒரே 'ங்க'தான் போடுவார். மிஷினுக்கும் அதே மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். யாதய்யா பக்குவமாக அவர் கையைப் பிடித்து விலக்கப் பார்த்தார்.

"கையெடுடா நாயே!"

யாதய்யாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரல் புரிந்தது. இரண்டடி பின்னால் போய்விட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சார் வாயில் ஒரு 'டா' கேட்டதில்லை. என் சிரிப்பு அப்படியே நின்றது.

"நக்கோ யாதய்யா, ஒதிலெய்யண்டி," வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் போனேன். "சார், நான் ஸ்டெல்லா. டைம் ஆபீஸ் ஸ்டெல்லா. வாங்க, உக்காரலாம்."

என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "ஏனுங் அம்மிணி, போர்டு எங்கீங்க?"

"போர்டை எடுத்தாச்சு சார். இப்ப எல்லாம் மிஷின்தான்."

"அப்ப உள்ள யாரு இருக்கறாங்கன்னு எப்பிடிங் தெரியும்?"

"கம்ப்யூட்டர் சொல்லும் சார்."

"கம்ப்யூட்டரு உள்ள போயிப் பாக்குமுங்களா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஐ.டி. டிபார்ட்மென்ட்டிலேயே பதில் கிடையாது. நான் டீ வரவழைத்தேன். டீயைக் குடித்துக்கொண்டே என் காதருகே குனிந்து ரகசியம் போலச் சொன்னார்: "என்ற டோக்கனக் கண்ணாடிக்குள்ள பூட்டி வெச்சிருக்கறாங்க அம்மிணி." ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். அவர் மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன். மாதாப்பூர் ஆபீஸிலிருந்து அவள் கேப் பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

2. அறுபத்திரண்டு

கம்ப்யூட்டர் வந்த பிறகு சேர்ந்த பிள்ளைகளுக்கு எங்கள் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

டைம் ஆபீஸ் சுவரில் பச்சை பெயின்ட் அடித்த பெரிய பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு நம்பர், அதே நம்பர் போட்ட பித்தளை டோக்கன். வேலைக்கு வருகிறவர் தன் டோக்கனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். வெளியே போகும்போது மாட்டிவிட்டுப் போவார். டோக்கன் தொங்கினால் ஆள் வெளியே. ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே.

ஒரு நாள் சாயங்காலம் சைரன் அடித்து எல்லாரும் போய்விட்டார்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. தங்கவேலு சாரின் வரிசையில் ஒரு ஆணி மட்டும் காலி. ஃபிட்டர் நரசிம்மாவுடையது. மறதியில் பாக்கெட்டோடு கொண்டு போயிருப்பார் என்று நான் சொன்னேன், அப்படிக் கொண்டுபோவது அடிக்கடி நடப்பதுதான். சார் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வால்வைத் தண்ணீர் அழுத்தத்தில் டெஸ்ட் செய்யும் பள்ளத்துக்குள் நரசிம்மா தலையில் அடிபட்டு விழுந்து கிடந்தார். சார் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வரும்போது அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் மறக்கவில்லை. ஒரு பிரமோஷன், ஒரு இன்க்ரிமென்ட் எதற்கும் அந்த மனிதர் அப்படி ஆடிப்போனது கிடையாது.

நரசிம்மா பிழைத்துக்கொண்டார். அன்று முதல் சார் தன் வரிசை நிறையாமல் வீட்டுக்குப் போனதில்லை. இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஆணி ஆணியாக விரலை ஓட்டுவார். கடைசியாகத் தன்னுடைய அறுபத்திரண்டாம் நம்பரை மாட்டுவார். பிறகு என் பக்கம் திரும்பி தினமும் ஒரே வசனம்:

"எல்லாரும் வந்தாச்சுங் அம்மிணி. நீங்களும் கெளம்புங்க."

"நீங்க சொல்லலேன்னா நான் இங்கயே பாய் விரிச்சுப் படுத்துக்குவேனா சார்?" என்று நானும் தினமும் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ரிட்டயராகிறவருக்கு எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அவருடைய டோக்கனைப் புளி போட்டுத் தேய்த்து, வெல்வெட் துணியில் பதித்து, கண்ணாடி ஃபிரேம் போட்டுக் கொடுப்பார்கள். சால்வை யார் வேண்டுமானாலும் போடலாம், ஃபிரேமைக் கொடுப்பது ஜி.எம். மட்டும்தான். அவ்வளவு பெரிய மரியாதை அது. சாருக்கும் கொடுத்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் என்னிடம் வந்தார்.

"இதைத் தொங்க உடாம எப்பிடிங் வீட்டுக்குப் போறது?"

"உங்க வீட்டுச் சுவத்துல தொங்க விடுங்க சார். இனிமே அதுதான் உங்க போர்டு."

எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்போது அவர் நன்றாகத்தான் இருந்தார்.

3. ஞாயிற்றுக்கிழமை மனிதர்

கேட்டில் கலாட்டா நடந்த பிறகுதான் கவிதா எங்களிடம் விஷயத்தைச் சொன்னாள். டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி மாதங்களாகிவிட்டன. அப்பாவின் மானம் போய்விடக் கூடாது என்று வீட்டில் மறைத்து வைத்திருந்தார்கள்.

அவர்கள் வீடு சனத்நகரிலேயே ஹவுசிங் போர்டு காலனியில், மாடியில். ஞாயிறு காலைப் பூசை முடிந்து செகந்திராபாத் சர்ச்சிலிருந்து நேராக அங்கே போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நான் போகும் நேரத்தில் அவர் குளித்து, நீறு பூசி, சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். "பூசை முடிஞ்சுதுங்களா அம்மிணி?" என்று கேட்பார். பேச்சில் ஒரு குறையும் தெரியாது. கேட்டதையே இன்னொரு தடவை கேட்பார், அவ்வளவுதான்.

அவர் மனைவி சரசு அக்கா சமையலறையில் வைத்து என்னிடம் சொல்லுவார்.

"நெனப்புப் போறதுகூடப் பரவால்லைங் ஸ்டெல்லா. ஆளே வேறயாயிட்டாருங்."

அவர் சொன்ன வரிசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதலில் பேச்சு குறைந்தது. பேப்பர், நியூஸ், நடைப்பயிற்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாராம். திடீர் திடீரென்று அழுதாராம். ரிட்டயரானவர்கள் எல்லாருக்கும் வருகிற வெசனம்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வந்தபோது லேத்துக்குக் கற்பூரம் காட்டும் நேரத்தில் அவர் தேம்பித் தேம்பி அழுததை நானும் பார்த்திருந்தேன். பாசக்கார மனுஷன் என்று பேசிக்கொண்டே சுண்டல் சாப்பிட்டோம்.

பிறகு சந்தேகம் வந்தது. ஷூவை ஒளித்துவிட்டாய், சம்பளக் கவரை எடுத்துவிட்டாய், பால்காரன் வேவு பார்க்க வருகிறான். அதன் பிறகு சாயங்காலங்கள்.

"அந்தி சாஞ்சாப் போதுமுங். ஷூவ மாட்டிக்கிட்டு, ஆள் உள்ள இருக்கான், ஆள் உள்ள இருக்கான்னு கதவப் போட்டு இடிக்கிறாருங். குறுக்க போனா என்னையும் அடிக்கிறாருங்." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். கன்றிப் போயிருந்தது.

நான் ஹாலை எட்டிப் பார்த்தேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, காபியை ஊதி ஊதிக் குடிக்கும் மனிதர். இவரா?

"வயசானா கொஞ்சம் அப்படித்தாங்கா. என்கிட்ட நல்லாத்தானே பேசறார்," என்றேன்.

சரசு அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மட்டுமல்ல, கம்பெனியிலிருந்து போன அத்தனை பேரும் ஞாயிறு காலையில்தான் போனோம். அத்தனை பேரும் அதையேதான் சொன்னோம். அவர் நல்லவர் என்பதற்கு நாங்கள் சாட்சி சொல்லச் சொல்ல, அந்த வீட்டில் இருந்த இரண்டு பெண்களும் பொய் சொல்கிறவர்கள் ஆனார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

கவிதா படித்த பெண், எடுத்துச் சொன்னால் புரியும் என்று நம்பினாள். "அப்பா, நீங்க ரிட்டயர்டு. உள்ள யாருமே இல்ல," என்று தினமும் சொன்னாள். ஒரு நாள் கேட்டுக்கு வந்து பூட்டின ஷாப்பைப் போனில் வீடியோ எடுத்துப் போய்க் காட்டினாள். மேனேஜ்மென்ட் ஆள் எதையோ மூடி மறைக்கிறாள் என்று அவளைக் கண்டபடி திட்டினாராம்.

"நான் எவ்ளோ எக்ஸ்ப்ளெயின் பண்ணாலும் இன்னும் ஜாஸ்தியாத்தான் ஆகுது ஆன்ட்டி," என்று போனில் அழுதாள். டாக்டர் அவளிடம் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார்: கோபமும் சந்தேகமும் உங்கள் அப்பாவின் குணம் இல்லை, வியாதியின் பகுதி, சாயங்காலத்தில் இது கூடும். மாத்திரையும் கொடுத்தார். அதில் சார் பகலெல்லாம் தூங்கி வழிந்தார், பாத்ரூமில் விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. மாத்திரையைக் குறைத்தார்கள். மறுபடி கதவு இடிபட்டது.

அப்படி ஒரு ஞாயிறு, ஹால் சுவரில் ஃபிரேம் இல்லாததைக் கவனித்தேன். அது மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

"கீழ உழுந்து ஒடஞ்சிருச்சுங்," என்று சொல்லிவிட்டு சரசு அக்கா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

4. சாயங்காலம்

மழைக்கால ஆரம்பம். ஒரு வேலை நாளில் கவிதா போன் செய்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல், தான் மாதாப்பூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், கொஞ்ச நேரம் போய் இருக்க முடியுமா என்று கேட்டாள். டைம் ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடைதான். போனேன்.

சரசு அக்கா கதவைத் திறந்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டே போய்ப் படுத்தார். சார் சோபாவில் இருந்தார், ஆனால் என்னைப் பார்த்துப் பூசை முடிந்ததா என்று கேட்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சைரன் அடித்தது. அந்த வீட்டில் சைரன் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சார் எழுந்தார். ஷூவை மாட்டினார், கயிற்றை இறுக்கிக் கட்டினார். கதவுக்குப் போவார் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவர் சுவருக்குப் போனார். வெறும் சுவரில், இடது கோடியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஃபிரேம் தொங்கிய அந்த ஆணியில் விரல் நின்றது.

"ஒரு ஆள் உள்ள இருக்கான்."

மறுபடி இடது கோடிக்குப் போனார். மறுபடி வந்தார். அதே ஆணியில் நின்றது. சட்டை முதுகு முழுக்க வேர்வை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடி விழும் என்று தயாராக நின்றேன். ஆனால் அந்த முகத்தில் கோபமே இல்லை. நரசிம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று பார்த்த அதே முகம், அதே பயம்.

யாரும் இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்துக்கு நேராக அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பழக்க தோஷத்தில் டைம் ஆபீஸ் குரலில் கேட்டேன்.

"எந்த ஆணி சார் காலி?"

பல மாதங்களாக யாருமே அவரிடம் உருப்படியாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது போல என்னைப் பார்த்தார்.

"இதாங் அம்மிணி. அறுவத்திரெண்டு."

அவருடைய நம்பர்.

நான் படுக்கையறைக்கு ஓடினேன். "அக்கா, அந்த டோக்கன் எங்க?"

சரசு அக்கா மறைத்ததை அப்போதுதான் சொன்னார். ஃபிரேம் கீழே விழவில்லை. சார்தான் கையால் குத்தி உடைத்திருக்கிறார். ரத்தம் சொட்டச் சொட்ட டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு கம்பெனியைப் பார்த்து ரோட்டில் ஓடியிருக்கிறார், ஒரு ஆட்டோவில் அடிபடாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறார். ஜி.எம். கையால் வாங்கிய மரியாதையை இப்படி உடைத்துவிட்டாரே என்று வெளியே சொல்ல அக்காவுக்குக் கூச்சம். அது கண்ணில் பட்டால்தானே இந்தப் பாடு என்று பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"குடுங்கக்கா."

"வேண்டாங் ஸ்டெல்லா. மறுக்காவும் ஓடிருவாருங்."

"நான் இருக்கேன்ல, குடுங்க."

கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். சட்டையில் ஒரு தடவை துடைத்தார். ஆணியில் மாட்டினார். இடது கோடிக்குப் போய் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். டோக்கனைத் தொட்டதும் விரல் நின்றது, கை கீழே இறங்கியது.

"எல்லாரும் வந்தாச்சுங் அம்மிணி. நீங்களும் கெளம்புங்க."

சோபாவில் உட்கார்ந்து, குனிந்து, ஷூக் கயிற்றை அவிழ்த்தார். காபி கிடைக்குமா என்று கேட்டார்.

சரசு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன நாளு இதைப் பீரோல வெச்சுப் பூட்டிட்டு, அவரப் போட்டு வதைச்சனே ஸ்டெல்லா."

அவர் மேல் என்ன தப்பு? அவருக்கு அது புருஷன் வாங்கிய மெடல். ஆணியை விட்டு டோக்கன் வெளியே இருந்தால் ஆள் உள்ளே என்பது எங்கள் கேட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மரியாதை என்று நினைத்து நாங்கள் கண்ணாடிக்குள் பூட்டிக் கொடுத்தது, சார் மனசு பழைய நாட்களுக்குத் திரும்பிப் போன பிறகு, மாட்டவே முடியாத டோக்கனாக ஆகிவிட்டது. அதையும் அவர் கேட்டில் வைத்து என்னிடம் சொல்லியிருந்தார்.

5. பிறகு

இதை நான் ஒரு வைத்தியமாகச் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு மனிதருக்கு வேறு ஏதாவது இருக்கும், சில பேருக்கு எதுவுமே இருக்காது. இங்கே கொஞ்ச காலம் பலித்தது, அவ்வளவுதான். காலையில் காபி டம்ளர் பக்கத்தில் டோக்கனை வைப்பார் சரசு அக்கா. சார் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். சைரன் அடித்ததும் மாட்டுவார். அழுகை நிற்கவில்லை, பால்காரன் மீது சந்தேகம் போகவில்லை. ஆனால் கதவு இடிபடவில்லை, அக்காவின் கை கன்றவில்லை.

கவிதாவிடமும் "நீங்களும் கெளம்புங்க அம்மிணி" என்பாராம். அவள் மகள் என்பது அவர் நினைவிலிருந்து அப்போதே போய்விட்டது. "சரி சார்னு சொல்லிட்டுக் கீழ போய் மாடிப்படிகிட்ட நிப்பேன் ஆன்ட்டி. கொஞ்ச நேரம் கழிச்சு மேல வருவேன், புதுசா வந்த மாதிரி," என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லி, முடிக்கும்போது அழுதாள்.

மழை முடிந்து, சங்கராந்தியும் போனது. ஒரு நாள் சைரன் அடித்தது, சார் எழவில்லை. டோக்கன் கையில்தான் இருந்தது. புதிதாக எதையோ பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிஸ்கெட் மாதிரி வாயில் வைத்தார். சரசு அக்கா மெதுவாக வாங்கி, தானே ஆணியில் மாட்டினார்.

இப்போது படுக்கையில்தான் இருக்கிறார். பேச்சு இல்லை, திட்டு இல்லை, சந்தேகம் இல்லை. சத்தம் ஓய வேண்டும் என்று அந்த வீட்டில் எத்தனை வேண்டுதல்! ஓய்ந்த பிறகு, "திட்டுன வரைக்கும் மனுசன் இருந்தாருங்களே," என்கிறார் சரசு அக்கா.

என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று உங்கள் ஊழியர் யாராவது லீவு கேட்டு வந்து நின்றால், போன ஞாயிறு பார்த்தேனே, நல்லாத்தானே இருந்தார் என்று சொல்லாதீர்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள். உள்ளே யாரும் இல்லை என்று அந்த மனிதரிடமும் வாதாடாதீர்கள். எந்த ஆணி காலி என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க அத்தனை ஞாயிறுகள் ஆயின. அந்த மாதங்கள் முழுக்க, உள்ளே மாட்டிக்கொண்ட ஆளை அவர் தினமும் தேடிக்கொண்டிருந்தார்; அந்த ஆள் அறுபத்திரண்டாம் நம்பர், அவரேதான். நரசிம்மாவுக்காக பஸ் ஹாரனைக் காதில் வாங்காமல் உள்ளே போன மனிதர் அவர்.

நானும் ரிட்டயராகிவிட்டேன். எனக்குச் சுவர்க் கடிகாரம்தான் கொடுத்தார்கள். இப்போது அங்கே சாயங்காலத்தில்தான் போகிறேன். சைரன் அடித்ததும் டோக்கனை எடுத்து, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டிவிட்டு, ஆணியில் மாட்டுகிறேன். அவர் பார்ப்பதில்லை. "எல்லாரும் வந்தாச்சு சார்," என்று அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். 'நீங்களும் கெளம்புங்க' என்ற அடுத்த வரி மட்டும் என் நீளமான வாயில் வருவதே இல்லை.